வாய்க்காலில் ஒரு பிட்டோ குழாய்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா என் போனில் இருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயிற்சி எடுக்கும் விமானத்தின் டேஷ்போர்டு. அதில் இடது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டார்: "ஏன் அம்மிணி, பைக்குல ஒரு முள்ளும் நம்பரும்தான் இருக்குது. இதுல எதுக்கு இத்தன கலரு?"

எங்கள் தோப்பு கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம், இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். அப்பா ஆயுசு முழுக்கத் தண்ணீரோடும் காற்றோடும் வாழ்ந்தவர். அவருக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அதனால் "நாளைக்குக் காலைல வாய்க்காலுக்கு வாங்கப்பா, காட்டறேன்" என்றேன்.

காற்றுக்குள் விமானம் போகும் வேகத்தைக் காட்டும் ஏர்ஸ்பீடு இண்டிகேட்டர் என்ற இந்தக் கருவியைப் பற்றி ஒரு வருடமாக எழுத நினைத்திருந்தேன். வண்ணங்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். நானும் அப்படித்தான் செய்து தேர்வில் மார்க் வாங்கினேன். ஆனால் அந்த முள் உண்மையில் எதை அளக்கிறது என்பது வாய்க்காலில் அப்பாவுக்குக் காட்டியபோதுதான் எனக்கே முழுசாகப் பிடிபட்டது.

வீடு கட்டியபோது கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருந்த, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப்பில் ஒரு துண்டு கிடந்தது. அதை ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டி, அடிப்பக்கத்தை எல் எழுத்து மாதிரி வளைத்தேன். ஆழியாற்றிலிருந்து மூலத்தறை வழியாக வரும் தண்ணீர் அன்றைக்கு எங்கள் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. வளைந்த வாயைத் தண்ணீர் வரும் திசைக்கு எதிராகக் காட்டிப் பிடித்தால், டியூப்புக்குள் தண்ணீர் வாய்க்கால் மட்டத்தைவிட மேலே ஏறி நிற்கும். நேரான இடத்தில் மூன்று விரல் உயரம் ஏறியது. ஒரு தேங்காய்த் தொட்டியை மிதக்க விட்டுப் பார்த்தோம். பத்து மீட்டரைப் பத்து விநாடியில் கடந்தது. அதாவது விநாடிக்கு ஒரு மீட்டர்.

பிறகு ஷட்டருக்குக் கீழே போனோம். அங்கே தண்ணீர் சீறிக்கொண்டு வரும். தொட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. டியூப்பில் தண்ணீர் ஒரு சாண் ஏறியது.

அப்பா உடனே பிடித்துவிட்டார். "வேகம் ரெண்டு மடங்குதான் ஆச்சு. தண்ணி நாலு மடங்கு ஏறுதே!"

அதேதான். 1732இல் ஹென்றி பிட்டோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பாரிஸில் சீன் ஆற்றில் இப்படித்தான் குழாயை விட்டு நீரோட்டத்தை அளந்தார். ஆழத்தில் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடும் என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பியிருந்தார்கள். ஆழம் போகப் போக வேகம் குறைவதை அவர் அளந்து காட்டினார். இதை அப்பாவிடம் சொன்னேன். "அது இறங்கிக் குளிச்சவனுக்கே தெரியுமே" என்றார். அந்தக் குழாய்தான் இன்றைக்கும் எங்கள் செஸ்னா 172எஸ் விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில் தொங்குகிறது. பெயரும் பிட்டோ குழாய்தான்.

விமானத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று. குழாயின் வாயில் காற்று வந்து மோதி அழுந்துகிறது. விமானத்தின் உடம்பில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதன் பெயர் ஸ்டாட்டிக் துளை. அது சும்மா இருக்கும் காற்றின் அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும், வாய்க்காலின் மேல்மட்டம் மாதிரி. கருவிக்குள் மெல்லிய உலோகத்தில் ஒரு சிறு டப்பி உண்டு. பிட்டோ காற்று அதன் உள்ளே போகும், ஸ்டாட்டிக் காற்று அதைச் சுற்றி நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப டப்பி உப்பும். அந்த உப்பலைப் பற்சக்கரங்கள் முள்ளுக்குக் கடத்தும். மின்சாரம் எதுவும் வேண்டாம்.

எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 110 கிலோமீட்டரில், அந்த வித்தியாசம் வெறும் 6 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். எங்கள் வாய்க்காலின் மூன்று விரலைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்! 20 நாட்டில் முக்கால் சென்டிமீட்டர்கூட வராது. குறைந்த வேகத்தில் முள் ஏன் சோம்பிக் கிடக்கிறது என்பது அப்போது புரிந்தது.

இப்போது வண்ணங்களுக்கு வருவோம். 172எஸ் வட்டத்தில் வெள்ளை வளைவு 40இல் தொடங்கி 85 நாட் வரை. பச்சை 48 முதல் 129 வரை. மஞ்சள் 129 முதல் 163 வரை. 163இல் ஒரு சிவப்புக் கோடு. இதைத் தண்ணீர் உயரமாக மாற்றினால் வெள்ளை தொடங்குவது ஒன்றரை விரலில். அது முடிவது அரைச் சாணுக்குச் சற்று மேலே. பச்சை முடிவது ஒரு சாணும் மூன்று விரலும். சிவப்புக் கோடு ஒரு முழம்.

விரல், சாண், முழம் என்று சொன்னதும் அப்பாவுக்குக் கருவி வசப்பட்டுவிட்டது. எனக்கும்தான். ஏனென்றால் இறக்கைக்கு வேகம் தெரியாது. அதற்குத் தெரிவது இந்த அழுத்தம் மட்டுமே. தூக்குவதும் இந்த அழுத்தம், அளவு மீறினால் முறிப்பதும் இந்த அழுத்தம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. அதே அழுத்தம் கிடைக்க இன்னும் வேகமாகப் போக வேண்டும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் என்று ஒரு மனக்கணக்கு உண்டு. 5,000 அடியில் முள் 100 காட்டினால் உண்மையில் காற்றுக்குள் 110 நாட்டில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் இறக்கை தூக்குவதை நிறுத்தும் எண், எங்கள் மாதிரி சிறிய விமானங்கள் பறக்கும் உயரங்களில், முள்ளில் மாறுவதில்லை. முள்ளும் இறக்கையும் ஒரே காற்றைக் குடிப்பதால்தான் அந்த வண்ணங்களைக் கண்ணாடியில் நிரந்தரமாகப் பூசி வைக்க முடிகிறது.

இறக்கை தூக்குவதை நிறுத்துவதைத்தான் ஸ்டால் என்பார்கள். மெதுவாகப் பறப்பதற்காக இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை ஃபிளாப். பச்சையின் கீழ்முனை 48, ஃபிளாப் இறக்காமல் ஸ்டால் ஆகும் வேகம். வெள்ளையின் கீழ்முனை 40, ஃபிளாப்பை முழுசாக இறக்கிய நிலையில் ஸ்டால் ஆகும் வேகம். வெள்ளையின் மேல்முனை 85, அதற்கு மேல் ஃபிளாப்பை முழுசாக இறக்கி வைத்திருக்கக் கூடாது. முதல் 10 டிகிரியை மட்டும் 110 வரை இறக்கலாம். இது வட்டத்தில் இல்லை, ஃபிளாப் நெம்புகோலின் பக்கத்தில்தான் எழுதியிருக்கும். ஃபிளாப் இறங்கியிருக்கும்போது விமானம் தாங்கக்கூடிய சுமையும் குறைகிறது. சாதாரணமாகத் தன் எடையைப் போல 3.8 மடங்கு தாங்கும் இந்த விமானம், ஃபிளாப் இறக்கினால் 3 மடங்குதான் தாங்கும்.

ஆனால் அந்தக் கீழ்முனை எண்களை நான் நீண்ட நாள் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். 48க்கு மேலே இருந்தால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தேன். முழு எடையோடு, இறக்கைகள் மட்டமாக, நேராகப் பறக்கும் விமானத்துக்கு மட்டுமே 48 பொருந்தும். விமானத்தைச் சாய்த்து உயரம் குறையாமல் திருப்பினால், இறக்கை தூக்க வேண்டிய சுமை ஏறுகிறது. 30 டிகிரி சாய்வில் 48 என்பது 52 ஆகிவிடும். 45 டிகிரியில் 57. 60 டிகிரி சாய்வில் சுமை இரண்டு மடங்கு, ஸ்டால் வேகம் 68.

இந்த 68 என்ற எண்ணைக் கண்டதும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இன்ஜின் நின்றுபோனால், முழு எடையில், இந்த விமானத்தை அதிக தூரம் மிதக்க வைக்கும் வேகம் 68 நாட். பயிற்சியின் முதல் வாரத்திலேயே தலைக்குள் ஏற்றிவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள். இன்ஜின் போய்விட்டது. சொன்னபடி 68இல் வைத்திருக்கிறீர்கள். முள் பச்சையில் நன்றாக உள்ளே தள்ளி நிற்கிறது. ரன்வே பின்னால் தெரிகிறது. பதற்றத்தில் விமானத்தை 60 டிகிரி சாய்த்து, மூக்கு கீழே போகாமல் இழுத்துப் பிடிக்கிறீர்கள். முள் அசையவில்லை, பச்சையும் அசையவில்லை. ஸ்டால்தான் நகர்ந்து வந்து நீங்கள் இருக்கும் இடத்தில் நின்றுவிட்டது. தாழ்வான உயரத்தில் இப்படித் திருப்பி உயிரைவிட்டவர்கள் எத்தனையோ பேர். வளைவின் கீழ்முனையைச் சுவர் என்று எண்ணக் கூடாது, அது தரையில் வரைந்த கோலம் மாதிரி என்று எங்கள் பயிற்றுநர் ஒருநாள் சொன்னார். அன்றைக்கு நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மேல்முனைக்கு வருகிறேன். இது எனக்குக் காற்று கற்றுக்கொடுத்த பாடம்.

பாலக்காட்டுக் கணவாயைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் 30, 40 கிலோமீட்டருக்கு மலைத்தொடரில் ஒரு வாசல். தென்மேற்குப் பருவக்காற்று மொத்தமும் அந்த வாசலுக்குள் நெருக்கிக்கொண்டு கிழக்கே பாயும். சித்தூர்ப் பக்கத்துக் கரும்பனைகளின் தலை அந்த மாதங்களில் ஒரே பக்கமாகத்தான் சீவியிருக்கும். கஞ்சிக்கோட்டிலும் உடுமலையிலும் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அதுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊரில் வெறும் பழமொழி இல்லை, தகர ஷீட் பறந்து நான் பார்த்திருக்கிறேன்.

போன ஆனி மாதக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், பயிற்றுநரோடு அந்த வாசல் வழியாக மேற்கே போனேன். உயரம் 5,000 அடி. முள் 110இல். ஜிபிஎஸ்ஸில் தரைவேகம் 90 நாட்டைத் தாண்டவில்லை. அந்த உயரத்தில் முள்ளின் 110 என்பது காற்றுக்குள் 121, அதில் எதிர்காற்று 30 நாட் தின்றுவிட்டது. இதற்கும் முள்ளுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆற்றை எதிர்த்து நீந்துபவனின் கை, கரையைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாளையார் அணை இடது பக்கம் கீழே வந்த சமயம் முதல் அடி விழுந்தது. மலைச்சரிவில் மோதி உருண்டு வரும் காற்று. பெல்ட்டையும் மீறித் தலை கூரையில் தட்டியது. முள் 125க்குத் தாவி, 95க்கு விழுந்து, மறுபடி ஏறியது. பச்சையில்தான் இருக்கிறோம் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் பதறாமல் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்தார். "கலரைப் பார்க்காதே. இன்னிக்கு நம்ம நம்பர் என்ன?" என்றார். நான் விழித்தேன். "98. அதுக்குக் கீழே வெச்சுக்கோ" என்றார். வேகம் 95க்கு இறங்கியதும் அடிகள் நிற்கவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் மழுங்கிப்போனது.

அந்த எண் வட்டத்தில் எங்கேயும் வரையப்படவில்லை. விஏ என்பார்கள், தமிழில் திருப்புவேகம் என்று வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் என்பது காற்று அமைதியாக இருந்தால் மட்டும் நுழையலாம் என்பதற்கான இடம். பச்சையின் மேல்பகுதியோ சாதாரண ஆட்டங்களுக்குப் போதும். கணவாயில் அன்று அடித்த மாதிரிக் காற்றில் விஏவுக்குக் கீழே வந்துவிட வேண்டும். காரணம் அழகானது. அந்த வேகத்துக்குக் கீழே ஒரு பலத்த அடி மேல்நோக்கி விழுந்தால், சுமை 3.8 மடங்கைத் தொடுவதற்குள் இறக்கை ஸ்டால் ஆகித் தூக்குவதை விட்டுவிடும். முறிவதற்குப் பதில் நழுவிக்கொள்ளும். அதற்கு மேலே இருந்தால் இறக்கை விடாமல் தூக்கிக்கொண்டே இருக்கும், முறியும் வரை. கீழ்முனையில் நம்மைக் கொல்லும் ஸ்டால், மேல்முனையில் நம்மைக் காக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2001 நவம்பரில் நியூயார்க்கில் ஓர் ஏர்பஸ் ஏ300 கிளம்பிய சில நிமிடங்களில் விழுந்தது. அதன் வேகம் விஏவுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையான ரட்டரை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி மிதித்ததில் வால் பிய்ந்துபோனது. 265 பேர் இறந்தார்கள். ஒரு முறை, ஒரு திசையில் முழுசாக அசைப்பதற்குத்தான் விஏ காவல். மாற்றி மாற்றி உலுக்குவதற்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

அப்பாவுக்கு நம்ப முடியாமல் போனது இன்னொன்று. 172எஸ் முழு எடையில், 2,550 பவுண்டில், விஏ 105. எடை 2,200 ஆனால் 98. 1,900 ஆனால் 90. எடை குறைந்தால் இந்த எண்ணும் குறைகிறது. "பாரம் கம்மின்னா வண்டி இன்னும் தாங்கணுமில்ல?" என்று கேட்டார். எனக்கும் இதே சந்தேகம் ஆறு மாதம் இருந்தது. கடைசியில் எங்கள் தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிப் போகும் லாரியை நினைத்துக்கொண்டு சொன்னேன்: "காய் நிறைய ஏத்திட்டுப் போறப்ப பள்ளத்துல லாரி எப்படிப் போகுதுங்கப்பா? திரும்பிக் காலியா வர்றப்ப அதே பள்ளத்துல?"

"காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும்."

ஆமாம். அதே காற்றடி கனமான விமானத்தை மெல்லத் தள்ளும், லேசான விமானத்தை எகிற வைக்கும். அந்த எகிறலில் இன்ஜினைத் தாங்கும் பிடிமானங்களும் இருக்கைகளும் எல்லாமே இழுபடும். அதனால் லேசாக இருக்கும்போது இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

சிவப்புக் கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வடிவமைப்பில் கணக்கிட்ட பாய்ச்சல் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதை வரையக் கூடாது என்பது விதி. அதற்கப்பால் இறக்கையும் வாலும் கொடி மாதிரிப் படபடக்கத் தொடங்கலாம். தொடங்கினால் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அங்கே போகாதீர்கள்.

இத்தனையும் குழாயின் வாய் திறந்திருந்தால்தான்.

ஓணம் விடுமுறையில் எங்கள் பயிற்சி விமானம் பத்து நாள் வெளியில் நின்றிருந்தது. பிட்டோ குழாய்க்கு மாட்டும் உறை மாட்டப்படவில்லை. விடுமுறை முடிந்த காலையில் நான் சுற்றிவந்து சோதித்தேன். குழாய் வளையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன், குனிந்து அதன் வாய்க்குள் பார்க்கவில்லை. ரன்வேயில் வேகம் எடுத்தது. வழக்கமாகச் சில விநாடிகளில் முள் உயிர் பெறும், "ஏர்ஸ்பீடு அலைவ்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. இன்ஜின் நன்றாக முழங்கியது, வெள்ளைக் கோடுகள் சக்கரத்துக்கு அடியில் வேகமாக ஓடின, முள் மட்டும் செத்துக் கிடந்தது. த்ராட்டிலை மூடி, பிரேக் பிடித்து நிறுத்தினேன். கை நடுங்கியது. திரும்பி வந்து பார்த்தால் குழாயின் வாயில் வழவழப்பாகப் பூசிய செம்மண். குளவி.

முன்வாய் மட்டும் அடைந்தால் முள் பூஜ்யத்தில் கிடக்கும், அது கண்ணில் பட்டுவிடும். குழாயில் தண்ணீர் வடிவதற்காக இருக்கும் சிறு துளையும் சேர்ந்து அடைந்துவிட்டால் நிலைமை மோசம். அகப்பட்ட காற்று அப்படியே நிற்கும், மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறைவதால் முள் தானாக ஏறும். வேகம் கூடுகிறது என்று நினைத்து மூக்கைத் தூக்குவீர்கள், ஸ்டாலை நோக்கி. 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசில் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பல நாளாகப் பறக்காமல் நின்றிருந்த விமானம் அது. குழாய் ஒன்று அடைந்திருந்தது, குளவிக்கூடாக இருக்கலாம் என்பதுதான் விசாரணையின் கணிப்பு. அதே வருடம் அக்டோபரில் பெருவில் இன்னொரு 757, கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகளில் ஒட்டிய டேப்பை எடுக்காமல் கிளம்பி 70 பேரோடு கடலில் போனது.

குளவி கதையைச் சொன்னபோது அம்மாவும் வந்து நின்றிருந்தாள். வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று எங்கள் பூஜை அறை மூலையில் இருந்த கூட்டைக் கலைக்கவிடாமல் காத்தவள் அவள். அக்காவுக்குப் பெண் பிறந்த பிறகும் அந்தக் கூடு அங்கேயே இருக்கிறது. "அங்க மட்டும் கட்ட விட்றாத கண்ணு" என்றாள், அவ்வளவுதான்.

வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து அப்பா அந்த டியூப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அத்தன முக்கியமான நம்பரு, அந்த 98, அத ஏன் அம்மிணி வரையாம விட்டாங்க?"

எடைக்கு எடை மாறுவதால் பூச முடியாது என்றேன். 105 என்று பூசி வைத்தால் லேசான நாளில் அதுவே பொய் சொல்லும்.

"அப்ப நீதான் எழுதிக்கோணும்."

இப்போது ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் ஆட்கள், பெட்ரோல், பை எல்லாவற்றையும் கூட்டி, எடையைப் போட்டு, அன்றைய எண்ணைத் தொடையில் கட்டும் அட்டையின் மேல் மூலையில் பெரிதாக எழுதிக்கொள்கிறேன். அதற்கு அப்புறம் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு இடது இறக்கைக்கு அடியில் குனிந்து குழாயின் வாய்க்குள் பார்க்கிறேன். நேற்று இரண்டு பேர், பாதி டேங்க். எழுதிய எண் 97.